கொல்லைப்பக்கத் தண்ணி

"இன்னியிலேருந்து மருந்தடிச்ச கீரை ஒரு இணுக்குகூட இந்த வூட்டுக்குள்ள நுழையப்படாது! நமக்கு வேண்டியத நாமளே வெளைய வைக்கிறோம். வூட்டுக்குள்ளயே!"

குருமூர்த்தி சபதம் போட்டுவிட்டார். இன்னும் பல்கூட விளக்கவில்லை. கையில் போன். போனுக்குள் யாரோ ஒருத்தர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து மலர்கொடி எட்டிப் பார்த்தாள். "வூட்டுக்குள்ளயா? மாடி சும்மாத்தான கெடக்கு?"

"மாடியில வச்சா கொரங்கு பிச்சுப் போட்ரும்."

"வூட்டுக்குள்ள வச்சா?"

"அதான் நான் இருக்கேன்ல!"

"அதத்தாங்க நானும் யோசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவள் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

சபதம் போடுவதில் குருமூர்த்தியை அடித்துக்கொள்ள பெரம்பலூரில் ஆள் கிடையாது. டிராக்டர் ஷோரூமில் கணக்குப் பார்க்கிற மனுஷர். கணக்கு நேராக நிற்கும், கால்தான் ஒரு இடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்கணும், எழுந்தால் நடக்கணும், நடந்தால் ஒரு சபதம் போடணும். காபியை விட்டேன் என்றார். அந்தச் சபதம் காபி ஆறுவதற்குள் முடிந்தது. தினமும் நடக்கப் போகிறேன் என்றார்; துறைமங்கலம் வரைக்கும் நடந்துபோய் ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார். இப்படி எத்தனையோ. அத்தனையிலும் சாயாமல் நின்றது ஒன்றே ஒன்று. அது நிற்பதால்தான் வீட்டில் நிம்மதி இல்லை.

அதையும் சொல்லிவிடுகிறேன். மலர்கொடிக்கு ஒரே அண்ணன், கலையரசன். திருமழபாடியில் வீடு, வயல், மாடு கன்று என்று நல்லபடியாக இருக்கிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே குலசாமிக்குக் கிடா வெட்டினார்கள். முதல் பந்தியில் குருமூர்த்தி உட்கார்ந்தாயிற்று. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்தாயிற்று. சோறு வருகிற நேரம் பார்த்துக் கலையரசன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "மாப்ள, நீங்க நம்ம வூட்டு ஆளு. கொஞ்சம் எந்திரிங்க. எம் மாமனார் வூட்டு ஆளுங்க வந்துட்டாங்க, அவங்க உக்காரட்டும்."

போட்ட இலையிலிருந்து எழுப்பிவிட்டான்! வீட்டு மாப்பிள்ளையை! நீங்களே சொல்லுங்கள், எந்த மனுஷனுக்குத்தான் வயிறு எரியாது? அடுத்த பந்தியில் அவருக்கு வந்தது வெறும் குழம்பு. நல்லி எலும்பெல்லாம் முந்தின பந்தியோடு போய்ச் சேர்ந்துவிட்டது. குருமூர்த்தி கை கழுவினார், துண்டை உதறினார், நடுவாசலில் நின்று ஊரே கேட்கச் சொன்னார்: "இனிமே உன் வூட்டு வாசப்படிய மிதிச்சா எம் பேரு குருமூர்த்தி இல்ல!"

மிதிக்கவில்லை. பிரச்சினை என்னவென்றால், மகள் இலக்கியாவுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும். அதற்கு முன்னால் பெற்றவன் மச்சான் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அழைக்கணும். அது முறை. "மாப்ள வந்து வெத்தல பாக்கு வைக்கட்டும், சீரோட நிக்கிறேன்" என்கிறான் கலையரசன். "வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்கிறார் குருமூர்த்தி. மடி திருமழபாடியில் இருக்கிறது, காது பெரம்பலூரில் இருக்கிறது. வருகிற ஜூனில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மூளிக் காதோடு எப்படி அனுப்புவது என்று மலர்கொடிக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அழுது பார்த்தாள். பட்டினி கிடந்து பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது என்று தெரிந்ததும் மறுபடி பேச ஆரம்பித்தாள்.

இந்த நிலைமையில்தான் கீரைச் சபதம்.

முன்ரூம் காலியானது. மலர்கொடியின் பீரோ அடுப்படிக்குப் போனது. அந்த இடத்தில் வரிசையாகப் பைகள், பை நிறைய மண், மேலே ஊதா நிறத்தில் விளக்குகள். வெயிலுக்குப் பதில் அந்த விளக்காம். பொழுது சாய்ந்தால் ஜன்னல் வழியாகத் தெரு முழுக்க ஊதா வெளிச்சம்.

பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஏன் மலரு, உங்க வூட்டுல ரெக்கார்டு டான்ஸு எதாச்சும் நடக்குதா?"

"ஆமாக்கா. ஆடுறது ஒருத்தருதான். உக்காரவே மாட்டேங்குறாரு."

குருமூர்த்தி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவர் மண்ணுக்குள் இருந்தார். "மலரு, செடிக்குச் சோறு போடுறது மண்ணு இல்ல, தெரிஞ்சுக்க. மண்ணுக்குள்ள இருக்குற நுண்ணுயிரு. ஒரு கரண்டி மண்ணுல கோடிக்கணக்குல இருக்கும். கண்ணுக்கே தெரியாது. ஆனா ராவும் பகலும் வேல பாக்கும்."

"கண்ணுக்குத் தெரியாம இந்த வூட்டுல வேல பாக்குறது நான் ஒருத்திதான்னு நெனச்சேன்."

நுண்ணுயிர் பெருகுவதற்கு ஜீவாமிர்தம் போட்டார். சாணி, கோமியம், வெல்லம், கடலை மாவு எல்லாம் ஒரு டிரம்மில் கரைத்து, ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். காலையும் சாயங்காலமும் கழியால் கலக்க வேண்டும். இவர் போகும்போது ஒரு கலக்கு, வரும்போது ஒரு கலக்கு. இலக்கியா மூக்கைப் பொத்திக்கொண்டு வீடு பூராவும் தேடினாள். "அப்பா, மாடு எங்கப்பா கட்டியிருக்கு?"

அதுகூடப் பரவாயில்லை. தண்ணீர் விஷயம் வந்ததும்தான் வீடு ரெண்டுபட்டது. குழாயில் வருகிற தண்ணீரில் கிருமி சாக மருந்து போட்டு அனுப்புகிறார்கள். நம் வயிற்றுக்கு நல்லது. மண்ணில் இருக்கிற நுண்ணுயிருக்கோ அதுதான் எமன். வழி என்ன? ரொம்பச் சுலபம். தண்ணீரைப் பிடித்து வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் மருந்து வாடை பறந்துவிடும். அப்புறம் ஊற்றலாம். போனில் பேசினவர் இவ்வளவுதான் சொன்னார்.

வீட்டிலிருந்த அண்டா, குண்டா, குடம், இட்லிச் சட்டி வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று. மலர்கொடி ஒரு செம்பு மொண்டாள்.

"தொடாத! தண்ணி ரெஸ்ட் எடுக்குது!"

"அரிசி களையணும்ங்க."

"நாளைக்குக் களஞ்சுக்க. அது அலுங்கப்படாது."

"தண்ணிக்கே ரெஸ்டா? எனக்கு எப்பங்க?"

அவளிடம் தொடாதே என்று சொன்னவர், தான் சும்மா இருந்தாரா? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அது இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். காலையில் பிடித்த தண்ணீரை மத்தியானமே மோந்து பார்ப்பார். மருந்து வாடை அடிக்கும். குட்டி போட்ட பூனையாட்டம் அண்டாவைச் சுற்றுவார். பொறுமை செத்து, கடைசியில் போர் தண்ணீரை மொண்டு ஊற்றிவிடுவார். அந்தத் தெருவில் போர் போட்டால் வருவது தண்ணீரா, கரைத்த சுண்ணாம்பா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. அதில் குளித்தால் தலைமுடி தேங்காய் நாராகிவிடும். அதில் பருப்பு போட்டால் கேஸ் தீரும், பருப்பு வேகாது. குழாய்த் தண்ணீர் வராத நாளில் மலர்கொடி அந்தப் பருப்போடு மல்லுக்கட்டுவது தெருவுக்கே தெரியும்.

மண்ணுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. அரைக்கீரை இலை மஞ்சளாகிவிட்டது. தண்ணி பத்தவில்லையோ என்று மறுபடி ஊற்றினார். வேர் எப்படி இருக்கிறது என்று பிடுங்கிப் பார்த்தார். திரும்ப நட்டார். நட்டது பிடித்துக்கொண்டதா என்று மறுபடி பிடுங்கினார். புதினா ஒரு வாரத்தில் உயிரை விட்டது. அதற்காவது விடுதலை.

பிறகு ஒரு மீட்டர் வாங்கினார். பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் முக்கினால் அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறதென்று நம்பர் காட்டும். சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் இப்போது அது. ஆபீஸ் டீயில் முக்கினார். பாக்யலட்சுமி கொடுத்த பாயசத்தில் முக்கினார். பெருமாள் கோயிலில் பட்டர் உத்தரணியால் தீர்த்தம் ஊற்ற, உள்ளங்கையில் வாங்கி, மீட்டரை அதில் வைத்தார். பட்டர் அடுத்த ஆளுக்குச் சடாரி வைக்க மறந்து நின்றார். வீட்டில் ரசத்தில் முக்கி, நம்பரைப் பார்த்து, "மலரு, இத செடிக்கு ஊத்தவே முடியாது" என்றார்.

"ஒங்களுக்குத்தாங்க ஊத்துனது," என்றாள் அவள்.

கடைசியில் மிச்சமிருந்தது ரெண்டு பை அரைக்கீரையும் ஒரு தக்காளியும். அவையும் தலை தொங்கிவிட்டன. குருமூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. உண்மையாகவே மனசு உடைந்து போயிற்று. "என்ன பாவம் பண்ணேன் மலரு? எல்லாத்தையும்தான் பாத்துப் பாத்துச் செய்யிறேன்!" என்று அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தேவிட்டார்! மலர்கொடிக்கே பாவமாக இருந்தது. பாவமாக இருந்தபோதுதான் யோசனையும் வந்தது.

மறுநாள் சாயங்காலம் பாக்யலட்சுமி ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தாள். "தம்பி, எம் பையனுக்கு இன்னும் பொண்ணு அமையலல்ல? நந்தி கல்யாணம் பாத்தா முந்திக் கல்யாணம்னு திருமழபாடிக்கு வேண்டிக்கப் போயிருந்தேன். வர்ற வழியில ஒரு வூட்டுக் கொல்லையில, கெணத்துத் தண்ணி குடிச்சேன் பாருங்க, தேனு! ஒங்க செடி ஞாபகம் வந்துச்சு, புடிச்சுட்டு வந்தேன்."

குருமூர்த்தி மீட்டரை முக்கினார். நம்பர் நன்றாக இருந்தது. மூக்கை வைத்தார். மருந்து வாடை துளி இல்லை. "ஆகா! மருந்தும் இல்ல, சுண்ணாம்பும் இல்ல! இதுல நுண்ணுயிரு நீச்சலடிக்குமே!"

"ஒண்ணு தம்பி," என்றாள் பாக்யலட்சுமி. "இத ஊத்துனா ஒரு வாரத்துக்கு ரூம்பத் தொறக்கவே படாதாம். அந்தப் பூச்சிங்க புது எடத்துல குடியேறணும்ல? நீங்க எட்டி எட்டிப் பாத்தா வெக்கப்படுமாம்."

"பூச்சி இல்லக்கா, நுண்ணுயிரு."

"எதோ ஒண்ணு. வெக்கம் எல்லாத்துக்கும் பொதுதான?"

மலர்கொடி தண்ணீரை ஊற்றி, கதவைப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். அந்த வாரம் குருமூர்த்தி பட்ட பாடு! கதவு இடுக்கில் மூக்கை வைப்பதும், தெருவில் போய் ஜன்னல் வழியாக எக்குவதும். வாரம் முடிந்து கதவு திறந்தால், கீரை நிமிர்ந்து நிற்கிறது! பச்சைத் துளிர் விட்டிருக்கிறது! தக்காளியில் ஒரு பூ! மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. இலக்கியாவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

"பாக்யலட்சுமிக்கா! அது யாரு வூட்டுக் கெணறு?"

பாக்யலட்சுமி மலர்கொடியைப் பார்த்தாள். மலர்கொடி தரையைப் பார்த்தாள். "அய்யய்யோ, அத மட்டும் கேக்காதீங்க. அது எங்கண்ணன் வூட்டுக் கெணறு."

குருமூர்த்தி முகம் சுருங்கியது.

"வேணாங்க. செடி போனா போவுது. ஒங்க சபதம் என்ன ஆவுறது? ஒரு ஆம்பள வாய்ல வந்த வார்த்த. நீங்க அங்க போப்படாது. போவவே படாது."

போகக்கூடாது என்று மலர்கொடி சொன்னால், அந்த நிமிஷமே செருப்பைத் தேடுகிற மனுஷர் இவர். வீட்டை மூன்று சுற்று சுற்றினார். திடீரென்று நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மலரு, நான் என்னன்னு சபதம் போட்டேன்?"

"வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு."

"ஆங்! வாசப்படின்னுதான சொன்னேன்? கொல்லப்பக்கம்னா சொன்னேன்? பின்னாடி படலத் தொறந்து கெணத்தடிக்குப் போனா அது எப்படி வாசப்படி ஆவும்?"

மலர்கொடி வாயைப் பிளந்தாள். "அதெப்படிங்க ஒங்களுக்கு மட்டும் இப்படியெல்லாம் தோணுது? அப்ப கொல்லப்பக்கம் என்ன நடந்தாலும் அது சபதத்துல சேராதா?"

"சேரவே சேராது!"

"சத்தியமா?"

"சத்தியமா! சட்டம் பேசுறேன் மலரு, சட்டம்!"

"ஞாயித்துக்கெழம காலையில அண்ணன் வயலுக்குப் போயிடும். அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியாது. யாருக்கும் தெரியாமப் போயிட்டு வந்துருங்க," என்றாள் அவள், மிகவும் கவலையாக.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைக்கின் ரெண்டு பக்கமும் ரெண்டு கேன் கட்டிக்கொண்டு குருமூர்த்தி கிளம்பினார். அரியலூர் தாண்டி, கீழப்பழுவூர் தாண்டி, சிமெண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து, திருமழபாடி போய்ச் சேரும்போது மீசை நரைத்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே படலைத் தள்ளி, திருடன் மாதிரி கிணற்றடிக்குப் போனார். மீட்டரை முக்கினார். அருமையான தண்ணீர். ரெண்டு கேனும் நிறைந்தது. ஒரு குஞ்சும் பார்க்கவில்லை என்று தானே தன் முதுகைத் தட்டிக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. "நீங்க படுங்க, நானே ஊத்திக்கிறேன்," என்று மலர்கொடி கேன்களை உள்ளே கொண்டுபோனாள். ரூம் திரும்பவும் பூட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் போனால், கிணற்றில் புதுக் கயிறு போட்டிருந்தது. அதற்கடுத்த வாரம் கிணற்று மேட்டில் ஒரு ஸ்டூல், ஒரு துண்டு. அப்புறம் ஒரு செம்பு மோர், மேலே தட்டு போட்டு மூடி, அந்தத் தட்டில் நாலு உளுந்து வடை, இன்னும் சூடாக. 'வேலையாளுக்கு வச்சிருப்பாங்க' என்று குருமூர்த்தி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே தின்றார். வெயிலில் வந்த மனுஷன், என்ன செய்வார்?

வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது. "மலரு, உங்கண்ணன் வூட்டு மோர தெரியாத்தனமா குடிச்சுட்டேன்."

"போச்சு! அவன் வூட்டு மோர ஓசியிலயா குடிச்சிங்க? ஒங்க மானம் என்ன ஆவுறது?"

"அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு."

"அடுத்த வாரம் பதிலுக்கு எதாச்சும் வச்சுட்டு வந்துருங்க. கணக்கு தீந்துரும். நான் கட்டித் தரேன்."

கட்டித் தந்தாள். ஒரு மஞ்சப்பை. அதில் ஒரு சீப்புப் பழம், கொழுந்து வெற்றிலை, பாக்கு. "அந்த மோருச் செம்பு மூடியிருக்குற தட்டுல எடுத்து ஒழுங்கா அடுக்கி வச்சுட்டு வாங்க. பையோட கடாசிட்டு வந்தா மரியாதையா இருக்காது."

குருமூர்த்தி மானஸ்தன். தட்டைத் துடைத்து, பழத்தை நடுவில் வைத்து, வெற்றிலையைச் சுற்றி அடுக்கி, பாக்கை மேலே வைத்தார். 'எவன் வூட்டு மோரும் எனக்கு ஓசியில வேணாம்' என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தார். சமையற்கட்டு ஜன்னலுக்குப் பின்னால் யாரோ கனைத்த மாதிரி இருந்தது. பூனையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

வீட்டில் கீரை காடாக வளர்ந்தது. ரெண்டு முறை கிள்ளிக் கடைந்தாயிற்று. தக்காளி காய்த்துவிட்டது. குருமூர்த்தி ஷோரூமில் டிராக்டர் வாங்க வருகிற விவசாயிகளுக்கே நுண்ணுயிர் பற்றி வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். அவர்கள் பொறுமைசாலிகள், கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. "பாக்யலட்சுமிக்கா சொந்தத்துல ஒரு விசேஷம், புள்ளைய கூட்டிக்கிட்டு போயிட்டு வந்துடுறேன்," என்று மலர்கொடி முதல் நாளே பஸ் ஏறிப் போய்விட்டாள். குருமூர்த்தி வழக்கம்போலக் கேன்களோடு போனார். படலைத் தள்ளினார்.

கொல்லையில் பந்தல் போட்டிருந்தது. தென்னங்கீற்றுப் பந்தல், கலர் காகிதத் தோரணம், வாழைமரம். ஒரு பக்கம் அடுப்பு மூட்டி அண்டாவில் கறி கொதிக்கிறது. ஊர்ப்பட்ட ஜனம். திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தால், பின்னால் நிற்பது யார்? அவர் கூடப்பிறந்த அக்கா! ஆண்டிமடத்திலிருந்து ஒரு பை முந்திரிப் பருப்போடு வந்திருக்கிறாள். "என்னடா இவ்வளவு லேட்டா வர்ற? பெத்தவன் நீ முன்னாடி வந்து நிக்க வேணாமா?"

பந்தலுக்கு நடுவில் மனையில் கலையரசன் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில், பட்டுப் பாவாடையும் தலை நிறையப் பூவுமாக, இலக்கியா. எதிரில் அங்கமுத்து ஆசாரி கையில் ஊசியோடு.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் குருமூர்த்தி. கையை நீட்டித் தடுக்கலாம் என்றால் ரெண்டு கையிலும் ரெண்டு கேன். அதைக் கீழே வைப்பதற்குள் ஆசாரி வலது காதை முடித்துவிட்டார். "அப்பா!" என்று வீலென ஒரு அலறல். கலையரசன் பிள்ளையின் கன்னத்தோடு கன்னம் வைத்து, "ஆச்சுடா கண்ணு, ஆச்சு ஆச்சு," என்றான். அவன் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. அடுத்த அலறலில் இடது காதும் முடிந்தது. வாயில் ஒரு லட்டைத் திணித்ததும் அலறல் நின்றது. ரெண்டு காதிலும் மாமன் போட்ட தங்கத்தோடு மின்ன, பிள்ளை ஈரக்கண்ணோடு அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் குருமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். நாலு வருஷமாகப் பிள்ளைக்கு இதைத் தராமல் வைத்திருந்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. இருந்தாலும் ஆண்பிள்ளை, விட்டுக்கொடுக்க முடியுமா?

"மலரு! எஞ் சபதம்!"

"அது பத்திரமாத்தான் இருக்கு. வாசப்படிய யாரு மிதிச்சா? நீங்க நிக்கிறது கொல்லப்பக்கம். கொல்லப்பக்கம் என்ன நடந்தாலும் சேராதுன்னு சட்டம் சொன்னது நீங்கதான?"

"சரி, மொற? மொறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? நான் வெத்தல பாக்கு வச்சு அழைக்காம எப்படி இவன் வந்து மனையில உக்காரலாம்?"

கலையரசன் எழுந்து வந்தான். "வச்சிங்களே மாப்ள! தட்டத் தொடச்சு, பழத்த நடுவுல வச்சு, வெத்தலைய சுத்தி அடுக்கி! நானும் அம்மாவும் ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். எங்க அம்மா அழுதே போச்சு. கண்ணு நல்லாத்தான் தெரியுது அதுக்கு."

குருமூர்த்தி சமையற்கட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குக் கனைத்தது பூனை இல்லை.

பந்தி போட்டார்கள், கொல்லையிலேயே. முதல் பந்தி, முதல் இலை, அவருக்கு. கலையரசனே கரண்டியோடு வந்து, தேடிப் பிடித்து, ஒன்றுக்கு ரெண்டு நல்லி எலும்பை இலையில் வைத்தான். "மாப்ள, இன்னிக்கு எம் மாமனாரே வந்து நின்னாலும் நீங்க எந்திரிக்கப்படாது." பக்கத்தில் நின்றிருந்த அவன் மாமனார் இலை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு வருஷத்துக் கோபம் அந்த எலும்பை உறிஞ்சுகிற சத்தத்தில் போய்விட்டது.

சாப்பிட்டுக் கை கழுவினதும் அவருக்கு மறுபடி இருப்புக் கொள்ளவில்லை. "சரி, நான் தண்ணி மொண்டுக்கிட்டுக் கெளம்புறேன். செடி காத்துக்கிட்டிருக்கும்."

"மூணு கேனா புடிங்க," என்றாள் மலர்கொடி. "ரெண்டு கேனு வாரம் பூரா பத்தல. கொழாத் தண்ணி வராத நாள்ல பருப்பு வேக வைக்கவே ஒண்ணு போயிடுது."

"பருப்பா?"

"இந்தத் தண்ணியில ரெண்டே விசில்ங்க, வெண்ணையா வெந்துருது. மிச்சத்துல எனக்கும் பாக்யலட்சுமிக்காவுக்கும் தலைக்குக் குளிக்க. முடி கொட்டுறது சுத்தமா நின்னு போச்சு."

குருமூர்த்தி தூக்கின கேனைக் கீழே வைத்தார். "அப்ப செடிக்கு?"

"நம்ம கொழாத் தண்ணிதான். அண்டாவுல ஒரு நாளு ஆற வுட்டு ஊத்துறேன். பாக்யலட்சுமிக்கா மொதல்ல கொண்டாந்த பாட்டிலும் அந்த அண்டாவுல மொண்டதுதான். பெரம்பலூருக்குக் கொழாயில வர்றதும் இந்தக் கொள்ளிடத்துத் தண்ணிதானங்க."

"அப்ப... நான் வாராவாரம் லாரிக்கு நடுவுல உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வந்து சொமந்தது, செடிக்கு ஒண்ணுத்துக்கும் ஒதவலையா?"

"யாரு சொன்னா? அதுதாங்க அதுக்கு உரமே," என்றாள் மலர்கொடி. "நீங்க கிட்ட இல்லாதப்பதான் அது வளருது."

குருமூர்த்தி ஒரு சபதம் போட வாயைத் திறந்தார். மலர்கொடி ஒரு வார்த்தைகூடத் தப்பாமல் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு, மச்சானிடம் மூன்றாவது கேன் இரவல் கேட்கப் போனார்.